முத்துவின் ஈப்பிடிப்பான்

என்னிடம் இருக்கும் பறவைக் கையேட்டில் ஈப்பிடிப்பான்களின் பக்கத்தைத் திறந்தால் கண் முதலில் நீலத்துக்குத்தான் போகும். டிக்கெல் நீல ஈப்பிடிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான் என்று நகைக்கடை விளம்பரம் மாதிரி வரிசையாக நிற்பார்கள். பக்கத்தின் ஓரத்தில், இடம் மிச்சம் இருந்ததால் வரைந்ததுபோல, இரண்டு மூன்று பழுப்புக் குருவிகள் உட்கார்ந்திருக்கும். அதில் ஒன்று பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான். பெயரிலேயே ஒரு சலிப்பு. வரைந்தவருக்கும் சலித்துத்தான் இருந்திருக்கும்.

நீளம் 13, 14 சென்டிமீட்டர். எடை 10-லிருந்து 14 கிராம். இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், இந்தப் பறவையைவிட அது கனம். முதுகு பழுப்பு, தொண்டை வெள்ளை, மார்பில் கை துடைத்த மாதிரி மங்கலாக ஒரு பழுப்புப் பட்டை. பெரிய கண், கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம். அதனால் இப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டதுபோல எப்போதும் ஒரு முகம். கீழலகு மஞ்சள். கால்களும் வெளிர் மஞ்சள். கால்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வடகிழக்கு இந்தியா, வடக்கு மியான்மர், தெற்குச் சீனா பக்கத்துக் காடுகளில் இது கூடு கட்டுகிறது. மழை முடியும் நேரத்தில் கிளம்பி, 2000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கும் இலங்கைக்கும் வருகிறது. இவ்வளவு தூரம் வந்த பறவை உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்து நாலு பேர் பார்க்கப் பாடலாம். பாடுவதில்லை. தாழ்வான காட்டில், ஓடைக்கரைப் புதர்களுக்குள், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்துவிடும். பூச்சி கண்ணில் பட்டால் ஒரு தாவல், திரும்பவும் ஒரு கிளை. மற்ற பறவைகள் அடைந்த பிறகும் இருட்டும்வரை அதன் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இதன் அறிவியல் பெயர் மஸ்கிகாபா முத்துயி.

'மஸ்கா' என்றால் லத்தீனில் ஈ. 'காபெரே' என்றால் பிடிப்பது. ஆக, முதல் சொல் ஈப்பிடிப்பான்தான், அச்சு அசலாக. இரண்டாவது சொல்லை ரோமன் எழுத்தில் பார்த்தால் ஏதோ ஜப்பானியப் பெயர் என்று கடந்துவிடுவோம். அதற்குள் இருப்பவர் முத்து. லத்தீனில் ஓர் ஆணின் பெயருக்குப் பின்னால் 'இ' சேர்த்தால் 'அவருடைய' என்று பொருள். தமிழில் 'இன்' செய்கிற வேலையை அங்கே அந்த ஒற்றை 'இ' செய்கிறது. முத்துவின் ஈப்பிடிப்பான். உலகத்தில் எந்த நாட்டு ஆய்வாளர் இந்தப் பறவையைப் பற்றி எழுதினாலும் முத்து என்று எழுதித்தான் ஆகவேண்டும்.

*

எனக்கு இந்தப் பறவையைக் காட்டியவர் பெரியப்பா. எங்கள் ஊர் விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் மலைக்குக் கீழே. மில்லுச் சங்கை வைத்து நேரம் பார்த்த ஊர். அப்பாவுக்கு மில்லில் வேலை கிடைத்தது. பெரியப்பாவுக்குக் கிடைக்கவில்லை, மலைக்குப் போனார். முதலில் அணைக்கட்டுப் பக்கம் கிடைத்த வேலைகள். 1988-இல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆன பிறகு ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் அதிகமானார்கள். அவர்களுக்கு வழி காட்ட, சுமை தூக்க, வலை கட்ட, சோறு பொங்க ஆள் வேண்டும். 1991-லிருந்து பெரியப்பா அந்த ஆள்.

'கள உதவியாளர்' என்பது அறிக்கையில் வருகிற சொல். வீட்டில் கேட்டால் 'காட்டுக்கு ஆள் போறாரு' என்பார்கள். தினக்கூலி. விடிவதற்கு முன் எழுந்து மூங்கில் கழியில் மெல்லிய நைலான் வலையைக் கட்டவேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் மாட்டிய பறவை வெயிலில் வாடிவிடும். சிக்கியதைக் கால் பக்கமிருந்து நூல் நூலாகப் பிரித்து எடுத்து, துணிப்பையில் போட்டு, மேசைக்குக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அளப்பது, எழுதுவது எல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் வேலை. பெரியப்பா பத்தாவது முடிக்கவில்லை. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றே லத்தீன் பெயர்களைக் காதால் பிடித்துவைத்திருந்தார். காவடிப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்வார்.

2014 தை மாதம், கல்லூரி விடுமுறையில், ஒரு கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராக அவரோடு போனேன். சேர்வலாறு பக்கம் ஒரு ஓடை. மணி ஆறு தாண்டியிருக்கும். கொண்டைக்குருவிகள் கத்தி முடித்து அடங்கிவிட்டன. குழுவில் மற்றவர்கள் பைனாகுலரை உறைக்குள் போட்டுக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். பெரியப்பா மட்டும் நின்றார். நான் வழக்கம்போல் மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேல என்னத்தட்டி பாக்க? கீழ பாரு."

கீழே ஈச்சம்புதரும் இருட்டும்தான் தெரிந்தன. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இருட்டில் ஒரு துண்டு மட்டும் பெயர்ந்து இன்னொரு கிளைக்குப் போனது.

"காலப் பாரு. கருப்பா இருந்தா மத்தவன். மஞ்சளா இருந்தா இவன்."

'மத்தவன்' என்றது பழுப்பு ஈப்பிடிப்பானை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், இரண்டுமே குளிர்காலத்தில் வரும். மத்தவனுக்குக் கால் கருப்பு, உட்காருவதும் கொஞ்சம் உயரத்தில், வெளிச்சத்தில். இவனுக்குக் கால் மஞ்சள். பைனாகுலரைத் திருகித் திருகி, கடைசியில் பார்த்தேன். தீக்குச்சியைவிட மெல்லிய இரண்டு கால்கள், அந்த இருட்டில் அது மட்டும் தனியாகத் தெரிந்தது.

"இவன் பேரு என்ன பெரியப்பா?"

"மசங்கக் குருவி."

மசங்கும் நேரத்தில் வேலை பார்க்கிற குருவி. அவராக வைத்த பெயர். கையேட்டில் உள்ள எந்தப் பெயரைவிடவும் இது சரியாக இருந்தது. மார்பு என்ன நிறம் என்பதைச் சொல்லாமல், பறவை எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்கிற பெயர்.

*

முத்து யார் என்று தேடியது 2020 ஊரடங்கில். பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிவியல் இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். செய்ய வேறு வேலை இல்லாத இரவுகளில் அவற்றுக்குள் போய் விழலாம்.

பறவைக்குப் பெயர் வைத்தவர் எட்கர் லியோபோல்ட் லேயர்ட். 1824-இல் பிறந்தவர். அவருடைய அண்ணன் ஆஸ்டன் ஹென்றி லேயர்ட், மெசபடோமியாவில் நிம்ருத் நகரத்தைத் தோண்டி எடுத்துப் புகழ்பெற்றவர். தம்பி இலங்கையில் பிரிட்டிஷ் அரசின் அதிகாரியாக எட்டு வருடம் இருந்தார். கச்சேரி நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பறவை, கிளிஞ்சல், பட்டாம்பூச்சி. 1853, 54-இல் இலங்கைப் பறவைகளைப் பற்றி லண்டன் இதழ் ஒன்றில் தொடர்ந்து எழுதினார். அதில் 1854-இல் வருகிறது இந்தச் சின்னப் பழுப்புப் பறவை.

விவரிப்பு முடிந்ததும் லேயர்ட் சொல்வதன் சாரம் இதுதான்: நெடுநாள் தன்னிடம் வேலை பார்த்த முத்துவின் பெயரை இதற்கு வைக்கிறார். தன்னுடைய நல்ல பறவைகளில் பலவும் முத்துவின் பொறுமையால்தான் கிடைத்தன என்கிறார். ஜூன் மாதத்தில் ஒருநாள் காலை, பருத்தித்துறையில், முத்து இந்தப் பறவையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான். அடுத்த பறவைக்குப் போய்விடுகிறார்.

பருத்தித்துறை இலங்கையின் வடக்கு நுனி. கடலுக்கு இந்தப் பக்கம் கோடியக்கரை, அந்தப் பக்கம் அது. பனையும் உவர்க்காற்றும் யாழ்ப்பாணத்தார் 'பற்றை' என்று சொல்கிற புதர்க்காடும் உள்ள நிலம். வடக்கிலிருந்து கடல் தாண்டி வருகிற ஒரு சின்னப் பறவை, மூச்சு வாங்கி முதலில் கால் வைக்கக்கூடிய இடம்.

பெரியப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். மசங்கக் குருவிக்கு இங்கிலீஷ்காரன் முத்துன்னு பேர் வச்சிருக்கான் என்றதும் சிரித்தார். எங்கள் பக்கம் முத்து என்று தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் இருக்கிறார், ஆடி அமாவாசைக்கு ஊரே அங்கே குடிசை போட்டுத் தங்கும், அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைக்காத குடும்பம் குறைவு.

சிரித்து முடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, நான் எதிர்பார்க்காதது.

"ஜூனா? ஜூன்ல அவன் இங்க இருக்கமாட்டானே. சித்திரையிலேயே கிளம்பிருவானே."

உண்மைதான். ஜூன் மாதம் இந்தப் பறவை கூடு கட்டும் காட்டில் இருக்கவேண்டிய காலம். பருத்தித்துறையில் அது இருந்தது என்றால் ஏதோ காரணத்தால் திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட பறவை. நான் அந்த வரியைப் பத்துமுறை வாசித்திருந்தேன். மாதத்தைக் கவனித்தது அவர்தான், அதுவும் போனில்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவரே சொன்னார்.

"காலைல கொண்டாந்து குடுத்தான்னா, முந்தின நாள் மசங்கல்லயே பாத்து வச்சிருப்பான். எந்தப் பொதர்ல அடையுதுன்னு. துரை வீட்டுல வேலையெல்லாம் முடிஞ்சப்பொறம் போயி உக்காந்திருப்பான். இல்லன்னா இவன் யாருக்கு ஆப்பிடுவான்?"

இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பறவையின் பழக்கம் தெரிந்த ஒருவர், இன்னொருவரின் வேலை நாளை அதிலிருந்து ஊகித்துச் சொல்கிறார். லேயர்ட் 'பொறுமை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போன ஒன்றுக்கு பெரியப்பா நேரமும் இடமும் கொடுத்துவிட்டார். வேலை முடிந்த சாயங்காலம், பற்றைக்குள் குந்தியிருக்கும் ஒரு மனிதர், இடுப்பளவு உயரத்தில் அசையும் ஒரு துண்டு இருட்டு.

அடுத்த கேள்வி: "கூலி சரியாக் குடுத்தானா அந்த வெள்ளக்காரன்?"

*

பறவைகளுக்கு மனிதர்கள் பெயர் வைப்பது ஒரு தனி வரலாறு. அதில் முத்து மாதிரி ஆட்கள் மிகக் குறைவு.

முத்துவின் பறவை அச்சில் வந்து நாலு வருடம் கழித்து, 1858-இல், மலுக்குத் தீவுகளில் பச்சான் என்ற தீவில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இருந்தார். டார்வினுக்கு இணையாக, தனியே, இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்தவர். அவருடைய உதவியாளர் அலி, சரவாக்கைச் சேர்ந்த மலாய் இளைஞர். ஒருநாள் அலி வேட்டையிலிருந்து திரும்பி வந்து ஒரு விநோதமான பறவையை நீட்டினார். மார்பில் பச்சைக் கவசம், சிறகுகளிலிருந்து வெள்ளைக் கொடிபோல் நீண்ட இறகுகள். அறிவியலுக்குப் புதிய சொர்க்கப் பறவை. லண்டனில் அதற்கு வைத்த பெயர் செமியோப்டெரா வாலசி. கொண்டுவந்தது அலி, பெயர் வாலஸுக்கு. இதுதான் வழக்கம், இதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது.

வழக்கத்தை மீறியவர்களும் உண்டு. 1780-களில் தென்னாப்பிரிக்காவில் சுற்றிய பிரெஞ்சுக்காரர் லெ வையான், தன்னோடு வந்த கொய்கொய் உதவியாளர் கிளாஸின் பெயரை ஒரு பச்சைக் குயிலுக்கு வைத்தார். இன்றும் அது கிளாஸின் குயில். அதற்குப் பிறகு பெயர் தேடினால் நீண்ட தூரம் நடக்கவேண்டியிருக்கிறது.

லேயர்ட் வீட்டிலேயே இன்னொரு கதை இருக்கிறது. இலங்கைக் காடுகளில் மட்டும் வாழும் சாம்பல்தலைக் கிளி ஒன்று உண்டு. 1849-இல் எட்வர்ட் பிளைத் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, லேயர்டின் மனைவி பார்பராவின் பிறந்த வீட்டுப் பெயரான கால்த்ரப்பை வைத்தார். ஆங்கிலத்தில் அதே கிளி 'லேயர்டின் கிளி'. முத்துவின் பறவைக்கும் ஆங்கிலத்தில் 'லேயர்டின் ஈப்பிடிப்பான்' என்று ஒரு பெயர் வழங்கியது. எல்லோரும் வாயால் சொல்லும் பெயர் எஜமானருக்கு. சாய்ந்த எழுத்தில் கீழே அச்சாகும் பெயர் மனைவிக்கும் வேலைக்காரருக்கும்.

ஆனால் காலம் வேறு மாதிரிப் புரட்டிவிட்டது. பேச்சுப் பெயர்களை யாரும் எப்போதும் மாற்றலாம். ஈப்பிடிப்பானுக்கு இப்போது ஆங்கிலத்தில் 'பழுப்பு மார்பு' என்பதே வழக்கம். 2023 நவம்பரில் அமெரிக்கப் பறவையியல் கழகம், தன் வரம்புக்குள் மனிதர்கள் பெயரில் இருக்கும் ஆங்கிலப் பறவைப் பெயர்களையெல்லாம் மாற்றப்போவதாக அறிவித்தது. அடிமை வணிகத்தை ஆதரித்தவர்கள், பழங்குடிகளின் கல்லறைகளைத் தோண்டியவர்கள் பெயரெல்லாம் ஏன் ஒரு குருவியின் தலையில் இருக்கவேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அறிவியல் பெயர்களுக்கு விதி வேறு. முதலில் முறைப்படி வைத்த பெயர்தான் செல்லும், பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றமுடியாது. லேயர்ட் இந்தப் பறவையை 'புட்டாலிஸ்' என்ற பேரினத்தில் வைத்தார். பிறகு வந்தவர்கள் அதை எடுத்து வேறு பேரினங்களில் போட்டார்கள். முன்சொல் மாறிக்கொண்டே இருந்தது. பின்னால் முத்து அசையவில்லை.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"சரி. அவன் பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

*

பெரியப்பா 14 வருடம் காட்டுக்கு ஆளாகப் போனார். அதில் ஒரு அறிக்கை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே வேண்டாம். ஓடைக்கரைப் பறவைகள் பற்றி நல்ல வேலை. அதில் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் எந்தெந்த ஓடைகளில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் உண்டு. அந்த ஓடைகளுக்குக் கூட்டிப்போனவர் யார் என்று எனக்குத் தெரியும். நன்றி சொல்லும் பக்கத்தில் அனுமதி கொடுத்த அதிகாரிகளின் பெயர்கள், படம் வரைந்தவர் பெயர், தட்டச்சு செய்தவர் பெயர். கடைசி வரியில் 'கள உதவியாளர்களுக்கும்'.

முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்குக் கோபமாக வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பேரு போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார். பிறகு, "அந்தத் தடவ மூணு மாசக் கூலி வரல. அலைஞ்சு அலைஞ்சு விட்டுட்டேன். எழுதுறதுன்னா அத எழுது."

எழுதிவிட்டேன்.

இதில் எனக்கு இன்னும் முடிவுக்கு வராத ஒரு விஷயம் இருக்கிறது. பெயர் முக்கியம் என்று சொல்ல எனக்கு வசதி இருக்கிறது, மாதச் சம்பளம் முதல் தேதி வந்துவிடுகிறது. கூலிதான் முக்கியம், பெயரெல்லாம் படித்தவர்கள் கவலை என்று சொன்னால் அதுவும் முழுதாக இல்லை. ஏனென்றால் பெரியப்பாவிடம் நோட்டுகள் இருந்தன. யாரும் கேட்காமல், யாருக்கும் கொடுக்காமல், கூலி இல்லாத நாட்களிலும் எழுதிய நோட்டுகள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற நாற்பது பக்க நோட்டு, மொத்தம் 11. தமிழ் மாதம், தேதி, இடம், பறவை. வலசை வந்த நாளுக்கு ஒரு வட்டம், கடைசியாகப் பார்த்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. 'ஐப்பசி 4. பாலத்துக்குக் கீழ. மசங்கன் வந்தாச்சு. கால் மஞ்ச.' மறுவருடம் 'ஐப்பசி 2. அதே பொதர். கால் மஞ்ச.' அதற்கடுத்த வருடமும் அதே புதர். வளையம் போடாமல் அதே பறவை என்று சொல்லமுடியாது, அவரும் சொல்லவில்லை. அதே புதர் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு முறையும், ஒன்றுவிடாமல், கால் என்ன நிறம் என்று.

பெரியப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண்ணுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் மசங்கல் நேரத்தில் அந்தக் கால்களை அவரால் பார்க்கமுடியாது. போன வருடம் நோட்டுகளைச் சென்னைக்குக் கொண்டுவந்து, ஈ-பேர்டு தளத்தில் ஏற்ற ஆரம்பித்தேன். உலகம் முழுக்கப் பறவை பார்க்கிறவர்கள் தங்கள் பட்டியலைப் போட்டு வைக்கிற இடம் அது, பழைய குறிப்புகளையும் ஏற்றலாம். கணக்கு அவர் பெயரில். கடவுச்சொல் என்ன வைக்க என்று கேட்டதற்கு 'மசங்கன்' என்றார். இப்போது மாற்றிவிட்டேன், முயற்சி செய்யவேண்டாம்.

தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றப் பழைய நாட்காட்டிகள் தேடி அலைந்தது தனிக்கதை. ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒரு நோட்டில் 'வைகாசி 3' என்று இருந்தது. அதாவது மே நடுவில். 'மசங்கன் இன்னும் போகல. ஒத்தச் செறகு தொங்குது. கால் மஞ்ச.' ஏற்றியதும் தளம் அதைப் பிடித்துக்கொண்டது. இந்த இடத்தில் இந்த மாதத்தில் இது வழக்கமில்லை, விவரம் தேவை. சில நாளில், பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து மரியாதையான ஒரு மின்னஞ்சல். படம் இருக்கிறதா? என்ன பைனாகுலர்? மற்றப் பழுப்பு ஈப்பிடிப்பானாக இருக்க வாய்ப்பில்லையா?

அவர் வேலையை அவர் செய்கிறார். ஆனால் எனக்கு முத்து ஞாபகம் வந்தார். ஜூன் மாதம், பருத்தித்துறை, ஒரு பறவை. இன்றைக்கு முத்து அதைப் பதிவிட்டிருந்தால் இதே கொடிதான் விழுந்திருக்கும், இதே கேள்விகள்தான் வந்திருக்கும். முத்துவை நம்பினார்கள் என்றால் காரணம் கையில் பறவை இருந்தது, செத்த பறவை. அந்தக் காலத்தில் பார்த்தேன் என்று நிரூபிக்க அதுதான் வழி. தோலை உரித்து, ஆர்செனிக் தடவி, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டுவார்கள். சிறகு தொங்கிக்கொண்டு ஊருக்குப் போகமுடியாமல் உட்கார்ந்திருந்த பறவையைப் பெரியப்பா பிடிக்கவில்லை. எழுதிவிட்டு வந்துவிட்டார்.

பதிலில் நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்தேன். கூடவே மற்றப் பக்கங்களையும். 'கால் மஞ்ச' என்று வருகிற வரிகளை எண்ணிப் பார்த்தால் 63. 'கால் கருப்பு, மத்தவன்' என்று அவர் தள்ளிவிட்ட வரிகளும் இருந்தன, அவற்றையும் சேர்த்தேன். பைனாகுலர் என்ன என்ற கேள்விக்கு, முதல் நாலு வருடம் பைனாகுலர் கிடையாது, எட்டு அடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தார் என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் பதிவை ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது. கீழே ஒரு கேள்வியும்: நோட்டுகளில் மற்றப் பறவைகளும் இருக்கின்றனவா?

இருக்கின்றன.

இதைச் சொல்ல போன் செய்தபோது பெரியப்பா சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. யார் பேரு வரும் அதுல என்று கேட்டார். உங்க பேருதான் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"முதல்ல எனக்குக் காட்டுனது மயிலாத்துக் காணிக்காரரு ஒருத்தரு. வலை கட்டப் போன மொத வருசம். நானும் உன்ன மாதிரி மேலயேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். கீழ பாரு, காலப் பாருன்னு அவருதான் சொன்னாரு."

அந்தக் காணிக்காரர் இப்போது இல்லை. அவர்கள் மொழியில் இந்தக் குருவிக்கு ஒரு பெயர் இருந்ததாம். அவர் சொன்னாராம்.

"என்ன பேரு பெரியப்பா?"

"அதுதான் வாயில வரமாட்டேங்கு. எத்தன வருசமா யோசிக்கேன். அது வராமத்தான் நான் மசங்கன்னு வச்சேன்."

"அவர் பேராவது ஞாபகம் இருக்கா?"

"அது எப்படி மறக்கும்? எழுதிக்கோ."

ஈ-பேர்டு படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. குறிப்புகள் என்று கீழே ஒரு வெற்றிடம் இருக்கும், அதில்தான் போட்டேன். 63 பதிவுகளிலும், ஒவ்வொன்றாக, அந்தக் காணிக்காரரின் பெயரையும், இந்தப் பறவையை முதலில் காட்டியவர் அவர் என்பதையும். இரண்டு இரவு ஆனது. இன்னும் எட்டு நோட்டுகள் மிச்சம் இருக்கின்றன.